கரையான் வேலை

அம்மாவுக்குப் பெயரிலேயே குழப்பம். பேரனின் பதினோராவது பிறந்தநாளுக்குப் பாம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று தொலைபேசியில் சொல்வதை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். சொன்னபோது மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்.

“என்ன பாம்புடா?”

“பால் பைத்தான்மா.”

“பால் பாம்பா? பால் குடிக்குதா?”

அந்தப் பால் இல்லை, பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், அதனால் அந்தப் பேர் என்று விளக்கினேன். அவள் பந்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் எங்கள் ஊர் வேலியோரப் புற்றுக்கு நாற்பது வருடமாக ஆடி வெள்ளிதோறும் பாலும் முட்டையும் வைத்து வருபவள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, பாம்பு பால் குடிக்காது என்று வாத்தியார் சொன்னதை அவளிடம் வந்து சொன்னேன். “அது குடிக்கணும்னா நான் ஊத்தறேன்?” என்று கேட்டாள். வாத்தியாரிடம் அதற்குப் பதில் இருந்திருக்காது.

அவளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டாள். “கொல்லையில கயிறு கிடக்கும், பாத்துப் போ” என்பாள். பேர் சொன்னால் வந்துவிடுமாம். கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று மிரள்கிறவனைப் பற்றி வேதாந்திகள் நிறைய எழுதிவிட்டார்கள். பாம்பையே பார்த்துவிட்டுக் கயிறு என்று சொல்லிச் சமாளிக்கிறவர்களைப் பற்றியும் யாராவது எழுதலாம். என் மகன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பாம்புக்குக் ‘கயிறு’ என்றே பேர் வைத்தான். இரண்டு வருடம் கழித்து, வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போன ஒரு நண்பர் தன் பாம்பை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அது ‘பூச்சி’.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே. கயிறு முதலில் கண்ணாடித் தொட்டியில் இருந்தது. வரவேற்பறையில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருந்தோம். மேலே விளக்கு, உள்ளே பிளாஸ்டிக் செடி, ஒரு செயற்கைப் பாறை. எல்லாம் எங்கள் கண்ணுக்காகச் செய்த அலங்காரம் என்று அப்போது உறைக்கவில்லை. கயிறு நான்கு மாதம் சாப்பிடவில்லை. உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி இடுக்கியில் பிடித்து மகன் ஆட்டிக்கொண்டே இருப்பான். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். (எலிக்குத் தனி ஃப்ரீசர், அது கேரேஜைத் தாண்டி வரக் கூடாது. மனைவி போட்ட ஒரே நிபந்தனை இதுதான்.) பட்டினி கிடப்பதில் இந்த இனம் பேர் வாங்கியது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் சட்டையும் முழுசாக உரியவில்லை. பழைய சுவரின் சுண்ணாம்பு போலத் துண்டு துண்டாகப் பெயர்ந்தது. தொட்டியின் மேல்மூடி வலை. சூடும் ஈரமும் அதன் வழியாகப் போய்விடும். மிச்ச ஈரத்தை ஏசி உறிஞ்சிவிடும். நாலு பக்கமும் வெளிச்சம், நாலு பக்கமும் நடமாடுகிற மனிதக் கால்கள். பயந்தால் பந்தாகிற பிராணியை நடுக்கூடத்தில் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதன் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் வாழ்வது. பகலில் எலி வளையில் கிடக்கும், இல்லாவிட்டால் கரையான் புற்றில். பெண் பாம்பு அப்படி ஒரு வளையில்தான் முட்டையிட்டு, குஞ்சு வரும்வரை இரண்டு மாதம் போல முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். பெனினின் கடற்கரைப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பேரைத் தமிழில் எழுதினால் ‘வீடா’ என்று வரும். அங்கே இந்தப் பாம்புகளுக்கு ஒரு கோயில். கோயிலை விட்டு வெளியே போய் யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்துவிட்டால் அடிக்க மாட்டார்கள், மரியாதையாகத் தூக்கிக்கொண்டு வந்து கோயிலில் விடுவார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்க” என்றாள்.

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை என்று நம்மூரில் சொல்வோம். அடுத்தவன் உழைப்பில் நோகாமல் உட்காருகிறவனைத் திட்டுவதற்கான பழமொழி. பாம்பின் பக்கத்திலிருந்து யாரும் இதை யோசித்ததில்லை. ராஜநாகம் ஒன்றுதான் சருகைக் குவித்து முட்டைக்குக் கூடு கட்டுகிறது. ஒருசில பாம்புகள் மண்ணைத் தோண்டவும் செய்யும். மற்றபடி பெரும்பாலான பாம்புகளுக்கு வாய்த்த வீடு யாரோ விட்டுப்போன குழிதான். புற்றில் பாம்பு தேடுவது மூன்றே விஷயம்: உடம்பைச் சுற்றிலும் சுவர் தொட வேண்டும், வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே வெப்பம் சட்டென்று மாறக் கூடாது, காற்றில் ஈரம் நிற்க வேண்டும். கரையான் இதையெல்லாம் தனக்காகச் செய்கிறது. பாம்பை வீட்டுக்குக் கொண்டுவருகிறவன் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கரையான் வேலையை ஏற்றுக்கொள்கிறான்.

2020 கோடையில் மகனும் நானும் ரேக் கட்ட இறங்கினோம். ஊரடங்கு. அவனுக்குப் பள்ளி கிடையாது, எனக்கு அலுவலகம் சாப்பாட்டு மேசையில். இங்கே பாம்பு வளர்ப்பவர்களிடமும் குட்டி எடுத்து விற்பவர்களிடமும் இந்த ரேக் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. கடையில் ஆயத்தமாகவும் கிடைக்கும், விலை கையைக் கடிக்கும். சங்கதி எளிது. கட்டிலுக்கு அடியில் கம்பளி வைக்கிற தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகள், மூடி இல்லாமல். அவை இழுப்பறை போல உள்ளே போய் வெளியே வர ஒரு பலகை அடுக்கு. மேல்தட்டுப் பலகைதான் கீழ்ப்பெட்டிக்கு மூடி. பின்பக்கம் ஓடுகிற மெல்லிய சூட்டுப் பட்டை, அதைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். அவ்வளவுதான்.

காகிதத்தில் வரைந்திருந்ததை மனைவி பார்த்தாள். “என்னங்க இது, தாலுகா ஆபீஸ்ல ஃபைல் அடுக்கற மாதிரி இருக்கு” என்றாள்.

எனக்கு உடனே நினைவு வந்தது வடநெம்மேலிப் பானைகள். அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து தொடங்கியது. பாம்புத் தோலுக்கு வந்த தடையால் பிழைப்பு போனவர்களுக்கு, விஷ முறிவு மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுக்கும் தொழில். நான் பள்ளியில் படிக்கும்போது எங்களைப் பேருந்தில் அங்கே கூட்டிப் போனார்கள். பாம்பைப் பார்க்கப் போன எங்களுக்கு முதலில் தெரிந்தது வரிசை வரிசையாக மண்பானைகள். அடியில் மணல், வாயில் துணி போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே நாகமோ கட்டுவிரியனோ கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ. ஒரு பையன் பானையைத் தட்டப் போனான். அங்கிருந்தவர் அவன் கையைப் பிடித்து, “தட்டாத தம்பி, அது நிம்மதியா கிடக்குது” என்றார். நிம்மதி என்ற வார்த்தையைப் பாம்போடு சேர்த்து நான் கேட்டது அன்றுதான்.

ஆக, மனைவியிடம் பானைக் கதையைச் சொன்னேன். இருட்டு, நெருக்கம், சுவரின் தொடுகை. பாம்புக்கு இதுதான் நிம்மதி, ஃபைல் என்பது நம் கண்ணுக்குத் தெரிவது என்று வாதாடினேன். அவள் ஒத்துக்கொண்டாள். அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அப்போது எனக்கே தெரியவில்லை.

வேலை தொடங்கியது. பெட்டி சுமார் 90 சென்டிமீட்டர் நீளம், 40க்குச் சற்று மேல் அகலம், 15 உயரம். எட்டுப் பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக. எட்டு ஏன், இருப்பது இரண்டு பாம்புதானே என்று மனைவி கேட்டாள். பலகையை வீணாக்காமல் வெட்டினால் எட்டு வருகிறது என்றேன். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெலமைன் பலகை 16 மில்லிமீட்டர் கனம். தண்ணீர் பட்டால் ஊறாத மேற்பூச்சு, துடைக்க எளிது. எட்டடிக்கு நாலடி முழுப்பலகையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கடையிலேயே பெரிய ரம்பத்தில் வெட்டித் தருவார்கள். நான் போட்டுப்போன கணக்கு அழகாக இருந்தது, துண்டுகளின் கூட்டுத்தொகை பலகை நீளத்துக்கு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியது. பொருந்தியதுதான் தப்பு. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மில்லிமீட்டர் பலகையைத் தூளாக்குகிறது. கடைசித் துண்டு கைக்கு வந்தபோது அது ஏறக்குறைய ஒரு விரற்கடை குறைச்சல். தச்சு வேலை பார்த்த என் பெரியப்பா இருந்திருந்தால், “ரம்பத்துக்குக் கூலி குடுக்க மறந்துட்டியா?” என்று கேட்டிருப்பார். இருபது வருடம் மென்பொருளில் எல்லைப் பிழைகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

இன்னொரு பலகை வாங்கினோம்.

பெட்டியின் விளிம்புக்கும் மேல்பலகைக்கும் நடுவே விடுகிற இடைவெளிதான் இந்த வேலையின் உயிர். இறுக்கமாக விட்டால் பெட்டி சிக்கிக்கொள்ளும். தளர்வாக விட்டால் பாம்பு போய்விடும். தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும், குட்டிப் பாம்பின் தலை நம் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. மூன்று மில்லிமீட்டருக்குள் வைக்க முடிவு செய்தோம். அப்புறம் பார்த்தால், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய பெட்டிகளே ஒன்றுபோல் இல்லை. அச்சிலிருந்து வந்ததும் சிலது நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கிறது, சிலது வாய் விரிந்திருக்கிறது. எட்டையும் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக அளந்து, உயரமானதை அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

காற்றுத் துளைகளைச் சால்டரிங் இரும்பால் போட்டோம். வெளியிலிருந்து குத்தினால் உருகிய பிளாஸ்டிக் உட்பக்கம் முள்ளாக நிற்கும், பாம்பின் வயிற்றைக் கிழிக்கும். உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். இதை மகன்தான் யோசித்துச் சொன்னான். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, “அப்பா, பாம்பு இந்தப் பக்கம் இருக்கும்” என்றான். அந்தக் கோடை முழுவதிலும் நான் கற்றுக்கொண்ட தொழில்நுட்பம் இதுதான் என்றுகூடச் சொல்லலாம். நான் எல்லாவற்றையும் வெளியிலிருந்தே அளந்துகொண்டிருந்தேன்.

சூட்டுப் பட்டைக்குப் பலகையில் ஆழம் குறைந்த பள்ளம் எடுத்தோம், பெட்டி இழுபடும்போது உரசக் கூடாது என்று. பட்டை பெட்டியின் பின் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் ஓடும். பின்பக்கம் 32 டிகிரி, முன்பக்கம் 26. பாம்புக்கு உடம்புச் சூடு சொந்தமாகக் கிடையாது, இடத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. செரிக்க வேண்டுமானால் பின்னால் போகும், போதுமென்றால் முன்னால் வரும். பெட்டிக்குள் அதற்கு இருக்கிற சுதந்திரம் ஆறு டிகிரி. தெர்மோஸ்டாட்டின் உணரி முனையைப் பட்டைமேல் ஒட்டும் டேப்பில்தான் எல்லாம் தொங்குகிறது. அது பிடிவிட்டுத் தரையில் விழுந்தால், தரை குளிர்ந்திருப்பதைப் பார்த்துக் கருவி ‘இன்னும் சூடு வேண்டும்’ என்று முழு மின்சாரத்தையும் பட்டைக்குள் விடும். பாம்பு சுடுகிற இடத்தை விட்டு விலகாமலே கிடந்து வயிறு வெந்துபோன சம்பவங்கள் உண்டு. எனவே முதல் கருவியை நம்பாத இரண்டாவது கருவி ஒன்றையும் மாட்டினோம்.

ஆகஸ்டில் முடிந்தது. பெட்டியில் தேங்காய்நார்த் தூள், ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த கிண்ணம், தண்ணீர்ச் சட்டி. கயிறு உள்ளே போய் இரண்டாவது வாரமே எலியை வாங்கிக்கொண்டது. அடுத்த சட்டை மூக்கிலிருந்து வால் வரை ஒரே உறையாக, கண் மூடிகளோடு கழன்று வந்தது. மகன் அதை ஆயாவுக்குப் படம் எடுத்து அனுப்பினான். நான் கேரேஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் ரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிய கரையானுக்குக் கர்வம் இருக்குமா தெரியாது. எனக்கு இருந்தது.

அக்டோபரில் ஒரு காலை பூச்சியின் பெட்டி காலி.

மூன்று மில்லிமீட்டர் ஏழாகியிருந்தது. பெட்டியின் பின்பாதி சூட்டில் கிடந்து கிடந்து மெல்ல இளகி, தண்ணீர்ச் சட்டியின் பாரத்தில் தொய்ந்திருக்கிறது. நான் ஆகஸ்டில் அளந்தது குளிர்ந்த பெட்டியை. பூச்சி அப்போது இன்னும் முழுசாக வளராதது. இரண்டு இரவு தேடினோம். மகன் அழவில்லை, பேசவும் இல்லை. மூன்றாம் இரவு மனைவி கோலமாவை எடுத்து வந்தாள். கேரேஜ் கதவோரம், சமையலறை வாசல், நீர்ச்சூடாக்கி இருக்கிற சின்ன அறை வாசல் என்று நிலைப்படிகளில் அகலமாகப் பட்டை போட்டாள். கோலம் இல்லை, வெறும் மாவு. விடிகாலையில் நீர்ச்சூடாக்கி அறை வாசலில் மாவின் நடுவே ஒரே ஒரு வளைந்த கோடு. உள்ளே, சூடாக்கிக்கும் சோனா மசூரி மூட்டைகளுக்கும் இடையில், நாலு பக்கமும் ஏதாவது ஒன்று தொடுகிற சந்தில், பூச்சி பந்தாகக் கிடந்தது. நான் கணக்குப் போட்டுக் கொடுத்ததை விட நல்ல வீட்டை அதுவே கண்டுபிடித்திருந்தது. மனைவி அந்த மாவைப் பெருக்காமல் அன்று முழுவதும் விட்டுவைத்தாள்.

இதைக் கேட்ட நண்பர்கள் உடனே ஃபுளோரிடா பேச்சை எடுத்தார்கள். வளர்ப்புப் பிராணியாகப் போன பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்பு நிலமெங்கும் பெருகிவிட்டன. யாரோ விட்டதும் தப்பியதும்தான் மூலம். 2017 ஜனவரியில் அவற்றைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அங்கே அழைத்துப் போனார்கள். முதல் இரண்டு வாரங்களிலேயே பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆள் வந்து தேடிப் பிடிக்கும் அளவுக்கு அமெரிக்காவின் பெட்டிகளில் இடைவெளி இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பந்துப் பாம்பு எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் வெளியே பிழைக்காது. பூச்சி அந்த வாசலைத் தாண்டியிருந்தால் பெருகியிருக்காது, செத்திருக்கும்.

குளிர்காலம் அந்த வருடம் வந்த விதம் எல்லோருக்கும் தெரியும். 2021 பிப்ரவரி நடுவில் பனிப்புயல் அடித்து டெக்சாஸ் மின்சாரம் சரிந்தது. 16ஆம் தேதி டல்லாஸில் பூஜ்யத்துக்குக் கீழே 19 டிகிரி செல்சியஸ். அந்தப் புயலில் மாநிலம் கணக்கெடுத்த சாவு மட்டும் 246. அப்படிப்பட்ட நேரத்தில் பாம்பைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் வெப்பம் ஐந்து டிகிரிக்கு இறங்கிய இரவில், சூட்டுப் பட்டையும் இரண்டு தெர்மோஸ்டாட்டும் வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டபோது, என் ரேக் என்பது எட்டு குளிர்ந்த இழுப்பறைகள். கயிற்றையும் பூச்சியையும் தனித்தனித் தலையணை உறையில் போட்டு முடிச்சுப் போட்டோம். மகன் ஒன்றை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். இன்னொன்றை யார் கட்டிக்கொள்வது என்று நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் கையை நீட்டினாள்.

அன்று இரவு மூன்று பேரும் ஒரே ரஜாய்க்குள். “கனமா இருக்குங்க” என்றாள் இருட்டில். பிறகு, “அசையுது. சூடு வாங்குது போல.” ஐந்து மாதமாக நான் கணக்குப் போட்டுக் கொடுத்த அந்த ஆறு டிகிரி அவள் வயிற்றில் இருந்தது.

இனி அந்த ஆறு காலிப் பெட்டிகளின் கதை. பலகையை வீணாக்காமல் வெட்டியதால் வந்தவை. காலிப் பெட்டி பேசும் என்பதை ரேக் கட்டியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். காலிப் புற்று பாம்பைக் கூப்பிடாது. காலி இழுப்பறை மனிதனைக் கூப்பிடுகிறது. ஊரடங்கு தளர்ந்த பிறகு மகனோடு ஆர்லிங்டனில் நடக்கும் ஊர்வனக் கண்காட்சிக்குப் போனேன். நீண்ட மேசைகளில் கண்ணாடிபோன்ற சின்ன டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி பந்துப் பாம்பு. வெள்ளை, மஞ்சள், சாம்பல், ஊதா கலந்தது. வளர்ப்பில் முதல் அல்பினோ பந்துப் பாம்பு 1992இல் பிறந்தது. அதற்குப் பிறகு நிறத்துக்காக இனக்கலப்புச் செய்வது பெரிய வியாபாரமாகிவிட்டது. ‘ஸ்பைடர்’ என்று ஒரு வகை, உடம்பில் சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள். பார்க்க அப்படி ஓர் அழகு. அந்த அழகைத் தருகிற மரபணுவே நரம்பையும் பாதிக்கிறது. தலை ஆடும், திருகிக்கொள்ளும், இரையைக் குறி வைத்தால் தப்பும். நான் பார்த்த ஒன்று டப்பாவுக்குள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. விற்பவர் கையோடு சொன்னார், அது அப்படித்தான், சாப்பிடுவதில் குறை இல்லை என்று.

மகன் என் பக்கம் திரும்பி, “நம்மகிட்ட ஆறு ஸ்லாட் இருக்கே அப்பா” என்றான். அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எட்டுக்குத் திட்டம் போட்டவன் நான்தான். ரேக் என்பது பாம்பின் பயத்துக்கு ஏற்ற வீடு என்று மனைவியிடம் சொன்னது உண்மை. அது மனிதனின் எண்ணிக்கைக்கு ஏற்ற வீடும்கூட என்பதைச் சொல்லவில்லை. இந்த இரண்டும் ஒரே பலகையில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிடுவதால், எது எதற்காகச் செய்தது என்று செய்தவனுக்கே தெரியாமல் போகிறது. பானைக் கதையில் இருந்த ஓட்டை இதுதான். இருளர்கள் பானையில் பாம்பை வைப்பது மூன்று நாலு வாரம். சில தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தப் பானை பயணியர் விடுதி. நான் அதைக் காட்டி ஆயுளுக்கான வீட்டை நியாயப்படுத்தியிருந்தேன்.

ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். வரும் வழியில் மகன் கேட்டான், பாம்புக்கு நெருக்கம் பிடிக்கும் என்றால் அது ராத்திரியில் ஏன் மூக்கைக் காற்றுத் துளையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது என்று. நானும் பார்த்திருக்கிறேன். பார்க்காதது போல இருந்திருக்கிறேன்.

இந்தப் பாம்பு வளைக்குள்ளேயே கிடக்கும், அதற்கு இடம் வேண்டாம் என்பது ரேக் வைத்திருக்கிறவர்கள் மனப்பாடமாகச் சொல்வது. பாதி உண்மை. நைஜீரியாவில் நடந்த கள ஆய்வில், சின்னப் பாம்புகளும் ஆண் பாம்புகளும் மரமேறுகின்றன, பறவை தின்கின்றன என்று தெரிந்திருக்கிறது. பகலில் அது வளையில் கிடக்கும் பிராணிதான். ஆனால் இரவு என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் கட்டிக் கொடுத்தது பகலுக்கு மட்டுமான வீடு. பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் எதன்மேல் ஏறுவது? ஒன்றேகால் மீட்டர் உடம்பை 90 சென்டிமீட்டரில் எப்படி ஒருமுறையாவது நேராக நீட்டுவது? அதே சமயம், இந்த இழுப்பறைக்குள்தான் அது சாப்பிட ஆரம்பித்தது, சட்டையை முழுசாகக் கழற்றியது என்பதும் என் கண்ணால் பார்த்தது. ரேக்கைக் கொடுமை என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அவர்களில் பலர் அந்தக் கண்ணாடித் தொட்டியின் நான்கு மாதத்தைப் பார்த்ததில்லை.

அடுத்த கோடையில் ரேக்கைப் பிரித்தோம். திருகாணி கழற்றுவது மாட்டுவதை விடக் கடினம். மெலமைன் உள்ளே வெறும் மரத்தூள்தான், ஒருமுறை பிடித்த திருகை இரண்டாம் முறை பிடிக்காது. பக்கப் பலகைகளை வைத்துக்கொண்டு நடுத்தட்டுகளை எடுத்துவிட்டு, முன்னால் கதவு, அகலத்தை நீட்ட ஒரு புதுப் பலகை என்று இரண்டே அறைகள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் மீட்டர் நீளம், அரை மீட்டருக்கு மேல் உயரம். உள்ளே ஒரு வளைந்த மரக்கிளை. ஒரு மூலையில் மட்டும் இருட்டு வேண்டும். கவிழ்த்த கிண்ணம் இப்போது சிறியது. அந்தப் பொங்கலுக்கு இந்தியக் கடையில் வாங்கிய மண்பானை வாயோரம் விரிசல் விட்டிருந்தது. விரிசல் பானையை வீட்டில் வைக்கக் கூடாது என்று மனைவி அதைக் கேரேஜில்தான் போட்டிருந்தாள். வாயோரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கிப் படுக்க வைத்தோம். கயிறு அன்று இரவே குடிபுகுந்துவிட்டது. மிச்சத் தட்டுப் பலகைகளில் இப்போது என் ஸ்பேனர்களும் மனைவியின் ஊறுகாய் ஜாடிகளும்.

நாங்கள் முதல் ரேக்கைக் கட்டிக்கொண்டிருந்த அதே 2020 ஜூலையில், செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் ஒரு பந்துப் பாம்பு ஏழு முட்டை இட்டது. குறைந்தது பதினைந்து வருடமாக ஆண் பாம்பின் பக்கமே போகாதது. யாரோ ஒருவர் 1961இல் பூங்காவுக்குக் கொடுத்தது. வயது 62க்குக் குறையாது என்றார்கள். கொடுத்தவர் அதற்கு எந்த மாதிரிப் பெட்டி வைத்திருந்தாரோ. கயிற்றுக்கு இப்போது ஏழு வயது. மகன் போன ஆகஸ்டில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். அங்கே பாம்புக்கு அனுமதி இல்லை. போகும்போது எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்: எத்தனை நாளுக்கு ஒரு எலி, எந்தக் கருவியை எப்போது சரிபார்க்க வேண்டும், கையை எந்தப் பக்கத்திலிருந்து நீட்ட வேண்டும். எனக்கு ஐம்பத்தொன்று. நான் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை.

அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். இங்கே காலை, அவளுக்கு விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். முதலில் பேரனை விசாரிப்பாள், பிறகு மருமகளை. என் முறை வரும்போது குரலைச் சற்றுத் தாழ்த்துவாள்.

“கயிறு சாப்பிட்டுச்சா?”

அது எங்கள் பாம்பின் பேரா, ராத்திரி என்பதால் அவள் சொல்லாமல் விடும் சொல்லா என்று நான் கேட்டதில்லை. பானை வாயில் மூக்கு மட்டும் தெரிகிறது.

“சாப்பிட்டுச்சும்மா” என்கிறேன்.